வளைவுகளை எடுத்தவள்

லாரி நின்றுவிட்டது. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சுகந்திக்கு நிமிர்ந்து பார்க்காமலே அது தெரிந்தது, இஞ்சின் சத்தம் மாறியதை வைத்து. ஓடும் லாரிக்கு ஒரு சத்தம், ஏறும் லாரிக்கு ஒரு சத்தம், நின்றுகொண்டு உறுமும் லாரிக்கு ஒரு சத்தம் என்று மூன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தவர் நல்லசிவம்தான், அவள் புருஷன், இப்போது சோபாவில் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் இருப்பவர். விரலை எடுத்திருப்பார். திரையில் விரல் இருந்தால் லாரி ஓடும், எடுத்தால் நிற்கும், அவ்வளவுதான் அந்த கேமில் இப்போது மிச்சம் இருப்பது. மூக்கு அரித்திருக்கலாம். மதியம் சாப்பிட்ட புளிக்குழம்பு எதுக்களித்திருக்கலாம். தூங்கிப்போயிருக்கலாம், சனிக்கிழமை மதியம், மேலே ஃபேன், வெளியே வெயில், யாருக்குத்தான் கண் சொருகாது. நிமிரக் கூடாது. நிமிர்ந்தால் கவனிக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் முகம் சுருங்கிவிடும், சுருங்கிய முகத்தை மறுபடி விரிக்க அவளிடம் இப்போது கைவசம் ஒன்றும் இல்லை. எதையோ தட்டுவதுபோல் லேப்டாப்பில் தட்டினாள். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. லாரி உறுமிக்கொண்டே இருந்தது.

அந்த கேமுக்கு மலையேத்தம் என்று பெயர். பீளமேட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில், கல்யாணத்துக்கு முன்னால், இரண்டு பேரும் சேர்ந்து செய்தது. மேட்டுப்பாளையத்தில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு லாரி குன்னூருக்கு ஏற வேண்டும், கேரட் ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் டிரைவருக்கு அனுபவப் புள்ளி கிடைக்கும். புள்ளி சேர்ந்தால் அடுத்த லெவல், லெவல் ஏறினால் இன்னும் ஒரு வளைவு திறக்கும், லோடு கனக்கும், மழை வரும், பனி இறங்கும், எதிரில் பஸ் வரும். வளைவுகளைப் போடுவது அவர் வேலை. எத்தனை புள்ளிக்கு எந்த வளைவு என்று கணக்குப் போடுவது அவள் வேலை. முதல் சில லெவல்களைச் சீக்கிரம் கொடுத்துவிட வேண்டும், நாமும் டிரைவர்தான் என்று விளையாடுபவனுக்கு ஒரு மிதப்பு வர வேண்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் சண்டை. அவர் தாராளம், அவள் கெட்டி. 'ஏன் அம்மணி, ஒரு நடைக்கு இன்னும் பத்துப் புள்ளி சேத்திக் குடுத்தா உன்ற சொத்தா கொறஞ்சு போகுது' என்பார். 'சும்மா கெடச்சாச் சலிச்சுப் போயிருமுங்க' என்பாள். சண்டையே இல்லாத ஒரே ஒரு விஷயம் இருந்தது. சம்பாதித்த புள்ளியைப் பிடுங்கக் கூடாது. லாரி கவிழட்டும், லோடு போகட்டும், அந்த நடையை முதலிலிருந்து ஓட்டட்டும், ஆனால் ஏறிய லெவலிலிருந்து ஒருவனை இறக்கக் கூடாது, இறக்கினால் அதோடு போய்விடுவான், திரும்ப வரமாட்டான். லெவல் எண் ஏறும், எந்தக் காலத்திலும் இறங்காது என்று அவள்தான் எழுதி வைத்தாள். எழுதிவிட்டு ஒரு டீ குடித்ததுகூட ஞாபகம் இருக்கிறது, இஞ்சி டீ, கண்ணாடி டம்ளரில் விரிசல். எத்தனை சுலபமாக எழுதினாள். இறங்காது என்று எழுதினால் இறங்காது. உலகத்தில் வேறு எந்த இடத்தில் அப்படி எழுத முடிகிறது?

அவருக்கு இறங்க ஆரம்பித்தது ஆபீசில் வைத்துத்தான். ஒரு புது வளைவு போட்டிருக்கிறேன் வந்து பார் என்று கூப்பிட்டுக் காட்டினார். நன்றாக இருந்தது, சொன்னாள். இரண்டு நாள் கழித்து, புது வளைவு போட்டிருக்கிறேன் வந்து பார் என்று மறுபடி கூப்பிட்டார். அதே வளைவு. அதே பாறை, அதே சிமென்ட் கட்டை, கட்டைமேல் அதே குரங்கு. விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள். அவரும் சேர்ந்து சிரித்தார், ஆனால் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாதவர்கள் ஒரு விநாடி பிந்திச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அப்போதே பிடித்திருக்க வேண்டும். பிடித்து? பிடித்து என்ன செய்திருப்பாள்? நாற்பத்தாறு வயதில் யாருக்காவது இந்த மறதி வியாதி வருமா என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கேட்டார்கள். அபூர்வமாக வரும் என்றார் டாக்டர், சின்ன வயதில் வந்தால் வேகமாகப் போகும் என்றும் சொன்னார், சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை நகர்த்தி வைத்தார். வேகமாகப் போகும். எங்கே போகும்? வேலையை விட்டார். கார் ஓட்டுவதை விட்டார். கையெழுத்தை விட்டார். மலையேத்தத்தை மட்டும் விடவில்லை. காலையில் காப்பி முடிந்ததும் டேப்லெட்டுக்குக் கை நீட்டுவார். ஒரு நாள் கல்லாறு தாண்டி முதல் வளைவில் லாரி கவிழ்ந்தது. அவரே போட்ட வளைவு, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார். மறுபடி கவிழ்ந்தது. மறுபடி. டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் யாரோ எதையோ மாற்றி வைத்துவிட்ட மாதிரி. அன்றைக்கு அவர் குளிக்கப் போன நேரத்தில் சுகந்தி லேப்டாப்பைத் திறந்து கேமிலிருந்து பனியை எடுத்தாள்.

பனியை எடுத்ததும் கொஞ்ச நாள் ஓடியது. பிறகு மழையை எடுத்தாள். பிறகு எதிரில் வரும் பஸ்ஸை. இறக்கத்தில் பிரேக் சூடாவதை எடுத்தாள், லோடின் கனத்தை எடுத்தாள், கடைசியில் வளைவுகளில் கைவைத்தாள், மேலேயிருந்து ஒவ்வொன்றாக, வாரம் ஒன்று, சில வாரம் இரண்டு. ஒவ்வொன்றை எடுக்கும்போதும் புள்ளியை வாரி இறைத்தாள், ஒற்றைப் புள்ளிக்கு அவரோடு மல்லுக்கு நின்றவள். லெவல் ஏறிக்கொண்டே போனது. ரோடு குறைந்துகொண்டே வந்தது. அடுத்த லெவல் என்று திரையில் மஞ்சள் எழுத்து வரும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்துத் தலையாட்டுவார், அவளும் ஆட்டுவாள். போன வாரம் கடைசி வளைவும் போயிற்று. இப்போது மலை இருக்கிறது, மலைக்கு நடுவில் அடிஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு ரோடு, ரோட்டில் ஒரு லாரி. இனி எதை எடுப்பது? விரலைத்தான் எடுக்க வேண்டும். விரல் வைக்காமலே லாரி தானாகப் போகிற மாதிரி செய்துவிடலாம், ஐந்து நிமிஷ வேலை, அதற்காகத்தான் லேப்டாப்பைத் திறந்தாள், சாப்பிட்டதிலிருந்து திறந்தே இருக்கிறது, கை போகமாட்டேன் என்கிறது. அதற்குப் பிறகு அது கேம் இல்லை. அதற்குப் பிறகு அவர் பார்த்துக்கொண்டு இருப்பார், அவ்வளவுதான், லாரி போவதை, ஃபேன் சுற்றுவதை, சுகந்தி நடமாடுவதை, எல்லாவற்றையும் ஒரே மாதிரி.

சுகந்தி. அந்தப் பெயர் அவரிடம் இன்னும் இருக்கிறதா என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியில்லாமல் போய்விட்டது, அதுதான் வேடிக்கை. மலையேத்தத்துக்காக வளைவுகளைப் பார்த்துவர அவருடைய பழைய காரில் ஆபீஸ் ஆட்கள் நாலு பேராகக் குன்னூர் போனார்கள். அதுவரை அவளுக்கு அவர் நல்லசிவம் அண்ணா, கோயமுத்தூரில் எல்லா ஆபீசிலும் எல்லா ஆம்பளையும் அண்ணா. அவருக்கு அவள் சுகந்தி. ஒவ்வொரு வளைவிலும் இறங்கி அவர் அளந்தார், எந்த இடத்தில் ஹாரன் அடிக்கிறார்கள், எந்த இடத்தில் கியர் மாற்றுகிறார்கள், ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி எங்கே ஒதுங்குகிறது. பர்லியாறு வருவதற்குள் அவள் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள். ரோட்டோரக் கடையில் மங்குஸ்தான் வாங்கி, ஓட்டைப் பிதுக்கி, வெள்ளைச் சுளையை அவள் கையில் வைத்து, 'இதைச் சாப்புடு அம்மணி, செரியாப் போயிரும்' என்றார். சட்டையில் ஊதாக் கறை. முதல் தடவை அம்மணி என்றது அன்றைக்குத்தான். அவள் அண்ணா என்பதை நிறுத்தியதும் அன்றைக்குத்தான், அதற்குப் பிறகு ரொம்ப நாள் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எதிரில் போய் நின்று இருமினாள். அதிலிருந்து அம்மணிதான், இத்தனை வருஷமும் அம்மணிதான், ஊரில் எந்தப் பொம்பளையையும் கூப்பிடலாம் அந்தச் சொல்லால், கீரைக்காரி அம்மணி, பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மணி, அவள் ஆபீஸ் போகும் நாட்களில் அவரைப் பார்த்துக்கொள்ள வரும் சரோஜாக்கா அம்மணி. சரோஜாக்காவை அவர் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறாள். அதே அம்மணி. மாற்றமே இல்லை. அன்பாகச் சொன்ன ஒரு சொல் இப்படி மறைவிடமாகும் என்று யாருக்குத் தெரியும். ஒரு தடவை, ஆரம்பத்தில், துணி மடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்பதுபோல், 'நான் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்' என்று கேட்டுவிட்டாள். 'இதென்ன கேள்வி அம்மணி' என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு விநாடி பிந்தி வந்ததா, சரியான நேரத்தில் வந்ததா என்று எத்தனையோ நாள் மனதுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறாள். திரும்பக் கேட்கவில்லை. கேட்டுப் பதில் வராமல் போனால் அந்தப் பதில் வராததை எடுத்து எங்கே வைப்பது?

"அம்மணி."

நிமிர்ந்தாள். அவர் தூங்கவில்லை. டேப்லெட்டைத் திருப்பி அவள் பக்கம் காட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த ரோடு யாரு போட்டது?"

"ஏனுங்க, என்னாச்சு?"

"மலைமேல போகுது. ஒரு வளைவுகூட இல்ல. மலையில எங்க இருக்குது இந்த மாதிரி ரோடு?"

கோபமில்லை. ஆபீசில் அடுத்தவர் போட்ட லெவலைப் பார்த்துவிட்டு, கைகட்டிக்கொண்டு, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிச் சொல்வாரே, அந்தக் குரல். அந்தக் குரலைக் கேட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவள் எழுந்துபோய் அவர் எதிரில் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"லெவல் மட்டும் எத்தனைன்னு பாருங்க, ஏறிட்டே கெடக்குது. சும்மா தூக்கித் தூக்கி வுட்டிருக்குறாங்க. வெளையாடறவனுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கறாங்க. தெரியும். வாயத் தொறந்து சொல்ல மாட்டான், பாவம் மெனக்கெட்டிருக்குறாங்கன்னு வுட்டுருவான்."

பாருங்க என்றாரா? பாரு என்றாரா? காதில் விழுந்ததைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதற்குள் மற்றது வந்து மோதியது. தெரியும் என்கிறார். எப்போதிருந்து? பனியை எடுத்த அன்றைக்கேவா? மழையை எடுத்தபோதா? மஞ்சள் எழுத்து வரும்போதெல்லாம் நிமிர்ந்து தலையாட்டினாரே, அது அவளுக்காக ஆட்டியதா, அவர் ஏமாறுகிறார் என்று நினைத்து அவள் ஆட்ட, அவள் சங்கடப்படக் கூடாதென்று அவர் ஆட்ட, இப்படியே வாரக்கணக்கில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தார்களா? இல்லை, இது இன்றைக்கு வந்த தெளிவா, வந்ததுபோலவே நாலு மணிக்குள் போய்விடுமா?

"வேணும்னா வளைவு திரும்பப் போட்டறலாமுங்க" என்றாள்.

அவர் அவளை உற்றுப் பார்த்தார். மரியாதையாகப் பார்த்தார்.

"இது நீங்க போட்டதுங்களா?"

இந்தத் தடவை சந்தேகமில்லை. அவர் அவளுக்கு வாங்க போங்க சொன்னதே கிடையாது. கல்யாண மேடையில்கூட, 'கொஞ்சம் அக்கட்டால தள்ளி உக்காரு அம்மணி, பொகை வருது' என்றவர். இந்த ஊரில் அந்த ங்க எல்லோருக்கும் உண்டு, பிச்சை கேட்டு வந்தவருக்கும் சில்லறை இல்லீங்க என்றுதான் சொல்வார்கள், வெளியாட்களுக்கு அதில்லாமல் பேசவே மாட்டார்கள். வெளியாட்களுக்கு. அவள் பெயரை எப்போது மறப்பார் என்று காத்துக்கொண்டிருந்தாள், இது வேறு கதவு வழியாக வந்துவிட்டது.

"ஆமாங்க, நான் போட்டதுதான்" என்றாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அம்மணி. மோசம்னு சொல்லல. மலையெல்லாம் நல்லாத்தான் வந்திருக்குது." கொஞ்சம் யோசித்தார். வெளியாளின் மனம் நோகாமல் சொல்லத் தேடுகிறார் என்று தெரிந்தது. "எங்க ஆபீஸ்ல ஒரு புள்ள இருக்குது. சுகந்தின்னு பேரு. புள்ளிக் கணக்கெல்லாம் அதுதான். அதுகிட்ட ஒருக்காக் குடுத்துப் பாருங்க. ஒத்தப் புள்ளி சும்மா தராது. நான் கெஞ்சுவேன், ம்ஹூம், தராது." சிரித்தார். பிந்தாத சிரிப்பு, சரியான நேரத்தில் வந்த சிரிப்பு. "ரொம்பக் கெட்டி. ஆனா அது போட்ட லெவல்ல ஒருத்தன் ஏறுனா, ஏறுனதுதான்."

அவருடைய வாயில் அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை வருஷம். பெயர் போகவில்லை. ஒரு எழுத்துத் தேயாமல் இருந்தது, சு, க, ந்தி, அந்த ந்தியில் அவர் வழக்கமாகக் கொடுக்கும் சின்ன அழுத்தம்கூட அப்படியே இருந்தது. பெயர் இருக்கிறது, கெட்டித்தனம் இருக்கிறது, சண்டை இருக்கிறது, பர்லியாறும் மங்குஸ்தானும்கூட உள்ளே எங்கேயோ இருக்கலாம். எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார். முக்காலியில் உட்கார்ந்திருக்கிறவள்தான் அதில் இல்லை. அந்தப் புள்ளைமேல் அவளுக்குப் பொறாமை வந்தது. இருபத்தாறு வயது, ரெட்டைப் பின்னல், வாந்தி எடுக்கிற வயிறு, இரக்கமில்லாத கணக்கு. இவ்வளவு பிரியமாக யாரைப் பற்றிச் சொல்கிறார். அழ வேண்டும் போல இருந்தது, ஆனால் வெளியாட்கள் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து அப்படித் திடீரென்று அழுதால் அவர் பதறிவிடுவார்.

"அந்தப் புள்ள இப்ப எங்கீங்க?"

"அதுங்களா?" கதவைப் பார்த்தார். "வேலைக்குப் போயிருக்குது. சாயங்காலம் வந்துரும்."

சாயங்காலம் வந்துரும். அதைச் சொன்ன விதத்தில் கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை, பால்காரர் வருவார், கரண்ட் வரும் என்பதுபோல. நினைத்துப் பார்த்தால் உண்மைதான். தினமும் சாயங்காலம்தான் வருகிறாள். கைப்பையோடு, செருப்பைக் கழற்றி, ஸ்ஸ் அப்பா என்று ஃபேனுக்குக் கீழே நின்றுகொண்டு. அப்போதெல்லாம் அவர் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறாள், பார்த்தாளா, மலர்ந்ததா, இல்லை சரோஜாக்கா காப்பி கொண்டுவந்ததற்கு மலர்ந்ததா. இன்றைக்குச் சனிக்கிழமை. இன்றைக்கு அவள் எங்கும் போகவில்லை, காலையிலிருந்து இங்கேயே இருக்கிறாள், அதுதான் பிசகிவிட்டதோ. வராதவளை எப்படி அடையாளம் தெரியும்? வெளியே போய்த் திரும்பி வந்தால்? அசட்டு யோசனை, அசட்டு யோசனை என்று தெரிந்துகொண்டே எழுந்து உள்ளே போனாள். முகம் கழுவினாள். தலை வாரிப் பொட்டு வைத்தாள். ஆபீசுக்குக் கட்டும் பச்சைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள், அவசரத்தில் கொசுவம் ஒரு பக்கம் ஏறி நின்றது, கைப்பையை மாட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

"போயிட்டு வர்றேனுங்க."

"செரிங்க. பாத்துப் போங்க அம்மணி." வாசல்வரை வழியனுப்ப வந்தார். அவர் வழக்கம் அது, யார் வந்தாலும்.

படி இறங்கும்போதே பயம் பிடித்துக்கொண்டது. கேஸை மூடினோமா. பால்கனிக் கதவு திறந்து கிடக்கிறது. கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் நின்றால் என்ன செய்வது. தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. எதிர் காம்பவுண்டின் வேப்பமர நிழலில் போய், யாருக்கோ காத்திருப்பதுபோல் நின்றாள். யாருக்காக என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாள்? ஐஸ்கிரீம் வண்டிக்காரர் மணியடித்துக்கொண்டு போனார். ஒரு அடக்க முடியாத நம்பிக்கை, அதை நம்பிக்கை என்று சொல்லக்கூட வெட்கமாக இருந்தது, எழுந்தது. ஒரு தடவை போதும். கதவைத் திறந்து, வந்துட்டயா அம்மணி என்று ஒரு தடவை. அது சரோஜாக்காவுக்குச் சொல்கிற அம்மணியாக இருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த ங்க மட்டும் இல்லாமல் இருந்தால் போதும். இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம், இன்னும் கொஞ்சம் சாயங்காலமாகட்டும் என்று நினைத்தாள், நிற்க முடியவில்லை. கிட்டத்தட்ட ஓடித்தான் ஏறினாள். மூச்சு அடங்கட்டும் என்று ஒரு விநாடி நின்று, பெல்லை அழுத்தினாள்.

உள்ளே செருப்புத் தேயும் சத்தம். தாழ்ப்பாளில் கை தடவும் சத்தம், நெடுநேரம். கதவு திறந்தது.

அவர் முகம் மலர்ந்திருந்தது. உண்மையாகவே மலர்ந்திருந்தது, சட்டைப் பொத்தானைப் போட்டிருந்தார், தலையைக் கையால் படிய வைத்திருந்தார். அந்த முகம் அவள்மேல் வந்து நின்று, அவள் தோளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தது. பிறகு மரியாதைக்குத் திரும்பி வந்தது.

"வாங்க, வாங்க. சுகந்தி இன்னும் வரலீங்க. உக்காருங்க, இப்ப வந்துரும்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவர் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் சமையலறைக்குப் போய், கொஞ்சம் தேடி, ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தாள். கதவைச் சாத்த எழுந்தவளிடம், "இருக்கட்டும்ங்க, தொறந்தே இருக்கட்டும்" என்றார். எதிர் சோபாவில் அவரும் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.